பக்கத்து சீட்டு பிரேக்

என் அக்கா யாரையும் திட்டியதில்லை. அதனால் அவளை நல்லவள் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். கூடப் பிறந்தவள் நான் சொல்கிறேன், திட்டாதவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும், முகம் கழுவிவிட்டு வருவதற்குள் ஆறியும் விடும். அக்காவுக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் அது ஆறவே ஆறாது.

எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரே ஒரு டீக்கடை. அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த புதிதில், கடைக்காரர், "எல்லாரும் ஓரமா நில்லுங்கப்பா, அம்மா வண்டிய எடுக்குறாங்க" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தக் கடை டீ அவள் தொண்டையில் இறங்கியதில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்து, கடைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, அவரைப் பார்த்துக்கொண்டே குடிப்பாள். அவர் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டார். "அதுக்கென்னண்ணே, பரவாயில்ல" என்பாள். மறுநாளும் பிளாஸ்க் வரும்.

ஸ்கூல் உண்மையில் மாமாவுடையது, அதாவது அக்கா புருஷனுடையது. அவரிடம் படித்தவர்கள் ஓட்டக் கற்றார்களோ இல்லையோ, நாலு கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டு போனார்கள். அக்காவுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார், அதே வார்த்தைகளோடு. பிறகு ஒருநாள் வேறொருத்தியோடு கிளம்பிவிட்டார். காரை விட்டுவிட்டுப் போனது அவர் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம். அக்கா ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். எட்டாம் நாள் எழுந்து காரைக் கழுவினாள். நான் அலுவலக மேசையில் உட்கார்ந்தேன், அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டு வாடகையும் எங்கள் இரண்டு பேர் சாப்பாடும் அந்த ஒரு காரில்தான் ஓடின.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய வெள்ளைக் கார். ஓட்டுபவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். உள்ளே கம்பி போட்டு இணைத்திருக்கும். அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தால் ஓட்டுபவர் பக்கத்துப் பிரேக்கும் தானாகக் கீழே போகும். புதிதாகக் கற்பவர் தன் கால்தான் மிதித்தது என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பை உடைப்பதுதான் கற்றுக்கொடுப்பவரின் வேலை. அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். ஒருவருக்கு ஓட்ட வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றுகிற நாளில், ஓடுகிற காரிலேயே இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். "இனிமே வண்டி உங்களோடது" என்பாள். சிலர் அங்கேயே அழுதிருக்கிறார்கள். அக்கா சப்பணம் போடாமல் எங்கள் ஸ்கூலிலிருந்து யாரும் வெளியே போனதில்லை. ஒரே ஒரு ஆளைத் தவிர.

அந்த ஆள் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் என்பதால் மரியாதை கொடுத்துச் சொல்கிறேன், வீட்டில் நான் அவரைச் சொல்கிற விதம் வேறு.

அந்தக் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு அம்மா எங்களிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். அக்கா அவரை அழைத்துவரப் போவாள். கேட்டுக்கு வெளியே தெருவில்தான் நிறுத்துவாள். ஒருநாள் செயலாளர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "இங்க நிக்கக் கூடாது. வழிய அடைக்குது. உள்ள கொண்டுபோய்ப் போடுங்க" என்றார். அக்கா உள்ளே கொண்டுபோய், அவரே கை காட்டிய இடத்தில் நிறுத்தினாள். நாலாவது மாடி அம்மா கீழே வரத் தாமதமானது. பார்த்துவிட்டு வரலாம் என்று அக்கா காரைவிட்டு இறங்கிப் படிக்கட்டுவரை போனாள். பின்னால் பெரிய சத்தம் கேட்டது. முதல் மாடி ஜன்னலுக்கு மேல் நீட்டியிருந்த சிமெண்ட் பலகை பெயர்ந்து கார் கூரைமேல் விழுந்திருந்தது. அக்கா உட்காரும் பக்கம் கூரை சீட்டைத் தொடுகிற அளவுக்கு உள்ளே போயிருந்தது.

செயலாளர் வந்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "நல்லவேளை, உள்ள யாரும் இல்ல" என்றார். அதுவரை மனுஷத்தனமாகத்தான் இருந்தது.

அக்கா கேட்டாள். "சார், இதுக்கு யாரு பொறுப்பு?"

அவர் ஒரு தூணைக் காட்டினார். தூணில் நீலப் பலகை. உள்ளே நிறுத்தப்படும் வாகனங்களுக்கு ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.

"உங்க கட்டடம்தானே சார் இடிஞ்சு விழுந்திருக்கு? நீங்கதானே இங்க போடச் சொன்னீங்க?"

"போடச் சொன்னேன். பலகையைப் படிக்க வேண்டாம்னா சொன்னேன்? படிச்சுட்டுத்தானேம்மா உள்ள வந்தீங்க?"

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு செயலாளருக்கு ஊக்கம் கொடுத்திருக்க வேண்டும். ஓரத்தில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். "இந்தக் குப்பையெல்லாம் கிடந்தா மத்தவங்க டயர் கிழியும். அள்ளிப் போட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போங்க."

அக்கா அள்ளினாள். எனக்கு இதுதான் இன்றுவரை ஜீரணமாகவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் அந்த விளக்குமாறு வேறு எங்கேயோ போயிருக்கும். அந்தக் கட்டடத்தைப் பெருக்குகிற அம்மா ஒருத்தர் ஓடி வந்து, "விடு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று விளக்குமாற்றைப் பிடுங்கப் பார்த்தார். அக்கா தரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் குனிந்து அள்ளினார்கள். மாடிகளிலிருந்து ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது மாடி அம்மா கதவைத் திறக்கவே இல்லை.

எங்கள் இன்சூரன்ஸ், நாங்கள் அடுத்தவரை இடித்தால் அவருக்குக் கொடுக்கும். அடுத்தவர் வீடு எங்கள் தலையில் விழுந்தால் அதற்குக் கவலை இல்லை. எங்களிடம் ஓட்டக் கற்ற வக்கீல் அம்மா ஒருத்தரிடம் போனோம். அவர் தெளிவாகச் சொன்னார்.

"பலகை மாட்டிட்டா பொறுப்பு போயிடாது. அப்படிப் போகும்னா ஊர்ல எல்லாரும் நெத்தியில ஒண்ணு மாட்டிக்கிட்டு அலைவாங்க. விரிசல் இருக்குன்னு தெரிஞ்சும் சரிபண்ணாம விட்டிருந்தா, அவங்கதான் உங்களுக்குப் பதில் சொல்லணும். ஆனா தெரியும்னு சொல்ல ஒரு ஆள் வேணும். உள்ள இருக்கிற ஆள்."

விரிசலைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டதாக நாலாவது மாடி அம்மாவே முன்பு அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா போய்க் கேட்டாள். "நான் இங்கயே குடியிருக்கணுமே, தப்பா நினைக்காதீங்க" என்று கதவுச் சங்கிலியை எடுக்காமலே பதில் வந்தது. மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. ஆளில்லாத வழக்கு அங்கேயே செத்தது.

டிங்கர் கடைக்காரர் கூரையைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, வெள்ளை அடித்துக் கொடுத்தார். அதற்குள் எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். அக்கா வளையல்களும் போய்விட்டன. எவ்வளவு பார்த்தும் ஒரு இடத்தில் கசிவு நிற்கவில்லை. மழை பெய்தால் அக்காவின் இடது தோளில் சொட்டும். அவள் ஒரு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கற்றுக்கொடுப்பாள். நான் வேறு கடையில் காட்டலாம் என்றேன். "இருக்கட்டும். ஞாபகத்துக்கு" என்றாள். பிளாஸ்க் வைத்திருக்கிறவள் அல்லவா.

வருஷம் திரும்பவில்லை. அந்த ஆள் தானாகவே எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

வெளிநாட்டிலிருந்து அவர் மகளும் பேத்தியும் வருகிறார்களாம். விமான நிலையத்திலிருந்து தானே ஓட்டி அழைத்துவர வேண்டும் என்று ஆசை. புதுக் காரும் வாங்கியாயிற்று. உத்தியோகத்தில் இருந்தவரை டிரைவர்தான் ஓட்டினார், இவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் கட்டடத்தில் எல்லோரிடமும், வாலிபத்தில் மலைப்பாதையெல்லாம் ஓட்டியவன் என்று அளந்துவிட்டிருக்கிறார். அதனால் அக்கம்பக்கத்து ஸ்கூல்களுக்குப் போக முடியாது. "தள்ளி இருக்கிற இடமா, சத்தம் போடாத ஆளா வேணும்னு தேடினேன். உங்களைச் சொன்னாங்க" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

அவருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. விளக்குமாற்றைக் கையில் கொடுத்த முகம் அவருக்கு நினைவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. உள்ளே போய் அக்காவிடம், "டீ கேட்கிறாரு. என்ன கலந்து கொடுக்கட்டும்?" என்று கேட்டேன்.

"சர்க்கரை கம்மியா கொடுடி. வயசானவரு" என்றாள் அக்கா. பிறகு, "பேரை எழுதிக்கோ. காலையில வரச் சொல்லு" என்றாள்.

அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்குமுன் ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், டீக்கடைக்காரர் விஷயத்தில்.

முதல் நாளே அவள் அவருக்குச் சொன்ன பாடம், வேறு யாருக்கும் சொல்லாத பாடம். "சார், உங்க கால் நல்ல மெத்துன்னு இருக்கு. நீங்க பிரேக்கை அழுத்தவே வேண்டாம். மேல லேசா வச்சாப் போதும். வண்டி புரிஞ்சுக்கும்." அவர் காலை லேசாக வைப்பார். அக்கா தன் பக்கத்தில் மெதுவாக மிதிப்பாள். அவர் காலடியில் பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கும். கார் அலுங்காமல் நிற்கும். "பாத்தீங்களா? இது எல்லாருக்கும் வராது சார். நீங்க பிறவி டிரைவர்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பு முடிந்து இறங்கும்போது நடையே மாறியிருக்கும். என் மேசைக்கு வந்து, "உங்க அக்கா ரொம்ப நல்லாச் சொல்லிக்கொடுக்குறாங்க. நான் சீக்கிரம் பிடிச்சுக்கறேன், அதையும் சொல்லணும்" என்பார். நான், "ஆமா சார், உங்களை மாதிரி ஒருத்தரை நாங்க பார்த்ததே இல்ல" என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அக்கா சப்பணம் போடவே இல்லை. அப்படி ஒரு வழக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவருடைய புதுக் காரில் பக்கத்து பிரேக் கிடையாது, அவள் எங்கே போகிறாள் என்பது எனக்கு மெல்லமெல்லப் புரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் இனித்தது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியாது, இனிக்கத்தான் செய்தது. பழிவாங்குவது தப்பு என்று சொல்கிறவர்கள் யார் வீட்டு வண்டிமேலும் அடுத்தவன் கட்டடம் விழுந்ததில்லை.

ஒரே ஒருநாள் கேட்டேன். "யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

"ரோட்டுக்கு வர மாட்டாரு. முதல்ல அவங்க இடத்துல ஓட்டிக் காட்டணும்னு துடிக்கிறாரு. அங்க தூண் இருக்கு, சுவர் இருக்கு, அவரு கார் இருக்கு. அவ்வளவுதான்" என்றாள். எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அங்கே மனுஷர்களும் இருப்பார்கள் என்பதை இரண்டு பேருமே சேர்க்கவில்லை.

லைசென்ஸ் சோதனையும் எங்கள் காரிலேயே நடந்தது. எங்கள் ஊரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் உட்காரலாம், அதிகாரி பின்னால் உட்காருவார். செயலாளர் லேசாகக் காலை வைத்தார், அக்கா மிதித்தாள், அதிகாரி பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் இருவரையும் அவரே கூப்பிட்டார். "டீச்சர், நீங்க வந்து பார்க்கணும். எல்லாரையும் கீழ வரச் சொல்லியிருக்கேன். யாரு கேட்டாலும் தெரிஞ்சவங்கன்னு சொல்லிக்குங்க."

போனோம். அக்கா நல்ல உடை உடுத்தியிருந்தாள். போகிற வழியில் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை என்னிடம் சொன்னாள். இடித்து முடித்து அவர் இறங்கியதும் கிட்டே போய், "பலகையைப் படிச்சுட்டுத்தானே சார் உள்ள வந்தீங்க?" என்று கேட்பாளாம். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை நாள் தோளில் மழைச் சொட்டு வாங்கினாள்.

கட்டடத்தின் கீழே கார் நிறுத்தும் இடம், கேட்டிலிருந்து அதற்கு ஒரு சரிவுப் பாதை. ஜனங்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். நாலாவது மாடி அம்மா எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செயலாளரின் காரை டிரைவர் ஒருவர் தெருவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். இவர் ஏறி, கேட்டுக்குள் திருப்பி, சரிவில் இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

கார் கேட்டுக்குள் திரும்பியது. வேகம் கொஞ்சம் அதிகம்தான். ஜன்னல் வழியாக ஒரு கையை ஆட்டினார். சிலர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், என்னைவிடப் பலமாக யாரும் தட்டவில்லை.

அப்போதுதான் சரிவின் அடியில், தண்ணீர் போகிற கம்பி மூடியின் பக்கத்தில், ஒருவர் சரிவுக்கு முதுகு காட்டிக் குந்தியிருப்பதைப் பார்த்தேன். பெருக்குகிற அம்மா. புதுக் கார் டயரில் சருகு ஒட்டக் கூடாது என்று செயலாளர்தான் காலையிலிருந்து சரிவைப் பெருக்கச் சொல்லியிருந்தாராம். கடைசிச் சருகை அள்ளிக்கொண்டிருந்தார்.

அக்கா அவரைப் பார்த்தாள். அவள் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மறுபடி மிதித்தது. செருப்பு அறுந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், வெறும் சிமெண்ட் தரையை அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே அந்த ஆள் நிம்மதியாக இருந்தார். பிரேக்மேல் காலை லேசாக வைத்துவிட்டு வண்டி புரிந்துகொள்வதற்காகக் காத்திருந்தார். பிறகு முகம் மாறியது. ஸ்டியரிங்கைத் திருப்பினார், பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் அந்த அம்மாவின் பாதத்தின்மேல் ஏறி இறங்கி, நிறுத்தியிருந்த மூன்று கார்களை வரிசையாக உரசிக்கொண்டு போய், தூணில் முட்டி நின்றது. நீலப் பலகை ஒரு ஆணியில் தொங்கியது.

அடுத்து நடந்தது நான் கனவு கண்டதைவிட நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். உரசிய கார்களில் முதலாவது நாலாவது மாடி அம்மாவுடையது. அன்றைக்குக் கதவுச் சங்கிலிக்குப் பின்னால் அடங்கிய வாய் இன்றைக்குக் கட்டடமே அதிரத் திறந்தது. "யாரு சார் இதுக்குப் பொறுப்பு?" செயலாளர் காரிலிருந்து இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை. பழக்கதோஷத்தில் கை தானாகப் பலகையைக் காட்டியது. அவ்வளவுதான், மூன்று வீட்டுக்காரர்களும் அவரைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். செயலாளர் என்ற முறையில் பொறுப்பில்லையாம், ஓட்டியவர் என்ற முறையில் பொறுப்பாம், இரண்டும் ஒரே சட்டைக்குள் நின்று விழித்தன. "பிரேக் பிடிக்கல! கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்!" என்று கத்தினார். இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார். மகள் டாக்சியில் வந்தாள், அவர் பதவியை விட்டார், பலகையை யாரோ கழற்றிவிட்டார்கள்.

அக்கா தன் வரியைச் சொல்லவில்லை. நான் பொறுத்துப் பார்த்தேன், பிறகு நானே போய்ச் சொன்னேன். "பலகையைப் படிச்சுட்டுத்தானே சார் உள்ள வந்தீங்க?"

தினமும் என் மேசைக்கு வந்து பேசியவர், வெறித்து என்னைப் பார்த்தார். "நீ யாரும்மா?" என்றார்.

திரும்பினால் அக்கா அங்கே இல்லை. எல்லோரும் கார்களைச் சுற்றி நிற்க, அவள் மட்டும் சரிவின் அடியில் மண்டியிட்டு, அந்த அம்மாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, காரிலிருந்து எடுத்து வந்த தோள் துண்டால் சுற்றிக்கொண்டிருந்தாள். ரத்தம் துண்டைத் தாண்டி வந்தது. அந்த அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா முகத்தை உற்றுப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் அவளை அடையாளம் தெரிந்தும் முகத்தைத் திருப்பாத ஒரே ஆள்.

"நீயா கண்ணு?" என்றார். "உன் வண்டி சரியாயிடுச்சா?"

அக்கா அப்போதுதான் அழுதாள். மாமா போனபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

எங்கள் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதத்தில் எலும்புகள் நொறுங்கியிருந்தன. செயலாளரின் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது. கட்டடத்து வேலையை அவர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதற்கு எந்த இன்சூரன்ஸும் இல்லை. பாதம் கூடினாலும் பழையபடி நிற்காது என்று டாக்டர் சொன்னார். கட்டு மாற்றுகிற நாளெல்லாம் அக்கா வகுப்பை ரத்து செய்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டு வாசலில் நிற்பாள். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்ட இடம் வேண்டும் என்று அவரை முன்சீட்டில், அக்காவின் இடத்தில், உட்காரவைப்போம். நான் பின்னால்.

ஒருநாள் அந்த அம்மா காலடியைப் பார்த்துக் கேட்டார். "இது என்ன கண்ணு, இந்தப் பக்கமும் ரெண்டு இருக்கு?"

"ஒண்ணு பிரேக்கும்மா. அதை மிதிச்சா இந்தப் பக்கமும் பிடிக்கும்." நான் பின்னாலிருந்து அவள் தோளைக் கிள்ளினேன். நான் பலமுறை சொல்லியிருந்தேன், வாயைத் திறக்காதே, பழி அந்த ஆள்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, அதைக் கலைக்காதே என்று. அவள் கேட்கவில்லை. காரை ஓரமாகக்கூட நிறுத்தாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னாள். லேசாகக் காலை வைக்கச் சொன்னது, சப்பணம் போடாதது, எல்லாம்.

அந்த அம்மா தன் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார். "இதெல்லாம் எதுக்கு? உன் வண்டி மேல விழுந்ததுக்கா?"

"ஆமாம்மா. விரிசல் இருக்குன்னு அவருக்கு முன்னயே தெரியும்னு சொல்ல ஒரு ஆள் கிடைக்கல. கிடைச்சிருந்தா கேஸு போட்டிருப்பேன்."

"நான் இருந்தேனே."

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குக் கீழ தினமும் பெருக்குனது நான்தானே. சிமெண்ட் உதிருதுன்னு அந்தாளுகிட்ட வாய் ஓயச் சொன்னதும் நான்தான். என்னை ஏன் கேக்கல?"

பின்சீட்டில் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். கூடக் குனிந்து அள்ளியவரைக் கேட்க வேண்டும் என்று அக்காவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, வக்கீல் அம்மாவுக்கும் தோன்றவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா" என்றாள் அக்கா.

"எப்படி மன்னிக்கிறது? கால் போச்சே" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "நீ நல்லாப் பாத்துக்கற, இல்லன்னு சொல்லல. ஆனா நான் மறக்க மாட்டேன் கண்ணு."

"சரிம்மா."

முச்சந்திக்குப் பக்கத்தில் கார் மெதுவாக ஊர்ந்தபோது அது நடந்தது. அந்த அம்மா நல்ல காலைத் தூக்கிப் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். அக்காவின் காலடியில் பெடல் தானாக இறங்கியது. கார் குலுங்கி, எஞ்சின் அணைந்து, நடுரோட்டில் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"என்னம்மா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. எப்படி இருக்குன்னு பாத்தேன்."

மாவுக்கட்டு எடுத்தாயிற்று. நடை பழக்க இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஒவ்வொரு தடவையும், போகும்போதோ வரும்போதோ, அவருக்குத் தோன்றுகிற இடத்தில், ஒரு தடவை மிதிப்பார். எங்கே என்று முன்னால் தெரியாது. பின்னால் வருகிறவர்கள் தலையை வெளியே நீட்டி, மாமா பேசிய அதே வார்த்தைகளால் அக்காவைத் திட்டுவார்கள். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், அந்தப் பக்கத்துப் பெடலைக் கழற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன். அக்கா என்னை முறைத்தாள். கார் நின்றதும் அவள் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்ப்பதில்லை, எதுவும் கேட்பதில்லை. திட்டு முடிகிறவரை காத்திருந்து, பேசாமல் சாவியைத் திருப்புவாள்.